ஜினைதா அம்மா நீட்டிய விரல்

நார்வா, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரிக்கா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நம் தீவில் காற்று பலமாக இருக்கும் நாட்களில் படகை எடுக்க வேண்டாம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் எச்.ஐ.வி. பரிசோதனை வண்டியை இங்கே சந்தையில் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. போன செவ்வாயன்று யாரோ கல்லெறிந்ததில் ஒரு கண்ணாடி போனது. எனக்குச் சின்னக் கீறல்தான். ஆனால் சந்தை மேற்பார்வையாளர் வந்து, "இதுல எவனும் ஏறப் போறதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள கிளப்பிடும்மா" என்றார்.

மறுநாளும் அதே இடத்தில் கதவைத் திறந்துவைத்தேன். எதிரே மீன் விற்கும் ஜினைதா அம்மா எங்களைத் தினமும் திட்டுபவர். அன்று கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, வண்டிப் படியில் உட்கார்ந்து விரலை நீட்டினார்.

"உள்ள வரமாட்டேன். எல்லாரும் பாக்கட்டும். என் மகன் வெக்கப்பட்டு யார்கிட்டயும் காட்டாமலே செத்தான். குத்துடி."

கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்தது. அவரே சந்தையைப் பார்த்து, "எனக்கு நோய் இல்ல. இருந்திருந்தாலும் அதுக்கு மாத்திரை இருக்காம். அடுத்தது யாரு?" என்றார். அன்று பதினொரு பேர் ஏறினார்கள்.

வெள்ளிக்கிழமையும் வண்டியை எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். இனியும் எடுக்க மாட்டேன்.

புகைபோட்ட மீன் கொஞ்சமும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். போன் பேசும்போது நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது குரைத்தால் போதும், என் அறையில் சத்தமே இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; வெளியே ஒருவர் வெகு நேரமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். அவர் மனம் மாறிப் போவதற்குள் நான் இறங்கிப் பேச வேண்டும்.

உங்கள் மகள்,
மாரிக்கா