ஸ்பார்ட்டாவுக்கு மதில் இல்லை

மார்ச் 3, திங்கள்

இன்று அக்கா ஏதென்ஸின் கப்பல்களைப் பிடித்துவிட்டாள். அதனால் சாயங்காலம் வரை எனக்குத் திட்டு விழவில்லை.

விபத்தில் கால் பலம் போனதிலிருந்து மூன்று வருஷமாக அவளுக்கு இதுதான் உலகம். கட்டிலோடு பொருத்திய தாங்கியில் டேப்லெட், அதில் பழைய கிரேக்க நாட்டு வரைபடம். ஆளுக்கு ஒரு நகரத்தையோ ராஜ்யத்தையோ எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். ஏதென்ஸ், தீப்ஸ், கொரிந்து, மாசிடோனியா. இவள் ஸ்பார்ட்டா. வேறு எதை எடுப்பாள்? பெரிய கூட்டணி ஒன்றுக்கு இவள்தான் தலைவி. வங்கியில் மேனேஜராக இருந்தபோதும் இப்படித்தான். கீழே இருப்பவர்கள் நடுங்கினால்தான் இவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்த ஆட்களோடு பேசும்போது மட்டும் குரலே வேறு. "அட, பிரமாதம்ங்க" என்கிறாள். சிரிக்கிறாள். சமையலறையிலிருந்து கேட்டால் வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருப்பது போலத் தோன்றும்.

பிறகு மணியை அழுத்துகிறாள். தண்ணீர் கொண்டு போனேன். "இவ்வளவு சூடாவா குடிப்பாங்க? ஒரு தண்ணி குடுக்கக்கூடத் துப்பில்ல."

மார்ச் 5

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ரேம்களையெல்லாம் துடைத்து அடுக்கியாயிற்று. போனில் அந்த விளையாட்டை இறக்கினேன். வேவு பார்க்க இல்லை. அப்படி என்ன சிரிப்பு என்று பார்க்கத்தான்.

பெயர் கேட்டது. வாயில் வந்ததைப் போட்டேன்: கொக்கு. கொரிந்து காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 6

அக்காவிடமிருந்து எனக்கு, அதாவது கொக்குக்கு, செய்தி வந்தது. "வாங்க கொக்கு சார். புதுசா? பயப்படாதீங்க, நான் சொல்லித் தரேன்."

சார்! நீங்க! கடையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு ஏனோ கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

மார்ச் 14, வெள்ளி

நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள். பொறுமையாக, ஒன்றையே மூன்று தடவை கேட்டாலும் கோபப்படாமல். ஏதென்ஸிடம் கப்பலும் காசும் உண்டு, ஆனால் எதற்கும் ஓட்டுப் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும். மாசிடோனியாவை ஆரம்பத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள், கடைசியில் அவன்தான் வந்து எல்லோரையும் விழுங்குவான். என் கொரிந்து வியாபாரிகளின் ஊர். சண்டைக்கு லாயக்கில்லை. ஒரே ஒரு வசதி, நட்பு நாட்டு ஊருக்குள்ளே நம் காவல் படையை நிறுத்தலாம்.

ஸ்பார்ட்டாவைப் பற்றிக் கேட்டேன். பெருமையாக எழுதினாள். அவர்களை மிஞ்சிய படை கிடையாது. ஊருக்கு மதிலே இல்லை. உழுவது, விதைப்பது, அறுப்பது எல்லாம் ஹெலட் என்கிற அடிமைக் குடிகள். படை மொத்தமாக வெளியே போய்விட்டால் அவர்கள் கலகம் செய்துவிடுவார்கள். அதனால் பாதிப் படையை எப்போதும் வீட்டிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. "உலகத்தையே ஜெயிக்கலாம் சார், ஆனா சமையக்காரனை நினைச்சு பயந்துக்கிட்டே இருக்கணும்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாள்.

அதே நேரம் பக்கத்து அறையில் மணி அடித்தது. நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லா விரலையும் முடித்துவிட்டுப் போனேன்.

மார்ச் 23, ஞாயிறு

முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார். பொறுப்பு எனக்குத்தானாம். கடைக்கு மேலே ஒரு அறை, ஜன்னல், தனிக் குளியலறை. ஏப்ரல் முடிவதற்குள் சொல்லச் சொன்னார்.

அக்காவிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயேன். நான் இங்கயே கெடந்து நாறிப்போறேன்."

அக்காவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னிடம் தனியாக வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாள். கையில் நல்ல பலம் இருக்கிறது, மனசு வைத்தால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளே மாறிக்கொள்ளலாம், வீட்டுக்குள் எங்கும் போகலாம் என்கிறாள். அக்கா மனசு வைக்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்ன, இடுப்பைப் பிடித்துத் தூக்க நான் இருக்கிறேன்.

மார்ச் 24

கொக்கு கேட்டது: தலைவி வீட்டில் யார் யார்?

பதில்: "ஒரு தங்கச்சி இருக்கா சார். இருக்கான்னுதான் சொல்லணும், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஏன் கேட்டேன்? வேறு என்ன வரும் என்று எதிர்பார்த்தேன்?

ஏப்ரல் 8, செவ்வாய்

எப்படியாவது இதை எழுதிவிடுகிறேன்.

ஹெலட்கள் அடங்கியிருக்க என்ன வழி என்று மத்தியானம் சாதாரணமாகத்தான் கேட்டேன். விளையாட்டைப் பற்றித்தான் கேட்டேன். அவள் நீளமாக எழுதினாள். அடித்துக்கொண்டே இருக்கக் கூடாதாம், அடித்தால் ஒருநாள் திருப்பி அடிப்பார்களாம். "போறதுக்கு வேற இடம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது சார், அவ்வளவுதான். எங்க வீட்டுக் கதையே சொல்றேன் பாருங்க."

சொன்னாள்.

கடையில் முன்பு கண் பரிசோதிக்க ஒருவர் இருந்தார். பேசும்போது திக்கும், அதனால் அதிகம் பேச மாட்டார். என்னிடம் மட்டும் பேசுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அக்காவிடம் என்னைப் பெண் கேட்க. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீயோடு வந்தபோது நாற்காலி காலி. அடுத்த வாரம் கடையை விட்டும் போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு நிலைமையை நேரில் பார்த்ததும் நான் வேண்டாமென்று ஆகிவிட்டது போல என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்கா அவரிடம் சொன்னதை அவள் எழுதியபடியே எழுதுகிறேன்: "என் தங்கச்சி தினம் ராத்திரி உங்களை மாதிரியே திக்கித் திக்கிப் பேசிக் காட்டுவா, நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போம்னு சொன்னேன் சார். ஆளு எழுந்து போயிட்டான். அவளை அனுப்பிட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒருநாளும் இல்ல. அய்யோ, அவர் அதை நம்பிட்டு எப்படி நடந்து போயிருப்பார்—அந்தப் புதுச் சட்டையோட—

இதுக்குக் கடைசியில ஒரு சிரிக்கிற பொம்மை வேற.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "நல்ல யோசனை தலைவி" என்று போட்டேன்.

ஏப்ரல் 9

ஒருவருக்கு இன்னொருவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

விசாரித்து அவர் இப்போது இருக்கும் கடைக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார். வணக்கம் சொல்லவே கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்கு. காத்திருந்தேன். நான் யார் என்று சொன்னேன், அது பொய் என்று சொன்னேன், நான் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அவர் பரவாயில்லை என்றார். திக்காமல் சொன்னார். பிறகு, குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, கீழே விட்டால் எதையாவது வாயில் போட்டுவிடும், போனை வைக்கட்டுமா என்று கேட்டார்.

வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 12

அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். சிக்கில்லாமல், மெதுவாக. "இன்னைக்கென்ன பாசம் பொங்குது?" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

விளையாட்டின் இந்தச் சுற்று, சீசன் என்பார்கள், இன்னும் பத்து நாளில் முடிகிறது. அக்கா இதுவரை ஒரு சீசன்கூட ஜெயித்ததில்லை. போன தடவை இரண்டாவதாக வந்துவிட்டு ஒரு வாரம் சாப்பிடாமல் உயிரை வாங்கினாள். இந்தத் தடவை ஏதென்ஸைப் பிடித்தால் கிரீடம் அவளுக்கு. ஆனால் பாதிப் படையை வைத்து ஏதென்ஸைப் பிடிக்க முடியாது.

கொக்கு எழுதியது: தலைவி முழுப் படையோடு போகட்டும், ஸ்பார்ட்டாவுக்குள் என் காவல் படை இருக்கும், ஹெலட்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. யோசித்தால் அப்படித்தான் மூக்கால் விடுவாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பதில் வந்தது. "வாழ்க்கைல யாரையும் இப்படி நம்பினதில்ல சார். உங்களை நம்புறேன்."

மடித்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தேன்.

ஏப்ரல் 22

முழுப் படையும் கிளம்பியது. ஏதென்ஸ் போய்ச் சேர இரண்டு நாளாகும். அக்கா இன்று என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவை. சிவப்புப் புள்ளிகள் மலைக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தன. "உனக்கெங்க புரியப்போகுது" என்றாள், ஆனால் சந்தோஷமாகச் சொன்னாள். கன்னமெல்லாம் சிவந்து, பள்ளிக்கூட நாளில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்தபோது இருந்த அதே முகம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியது என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குப் பட்டையைச் சரி செய்து மாட்டிவிட்டேன். இப்போது அழுத்தவில்லை என்றார். அவர் போனதும் போனை எடுத்து, ஸ்பார்ட்டாவிலிருந்து என் காவல் படையைத் திரும்ப அழைத்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

நான் யாரையும் தாக்கவில்லை. ஒரு அம்புகூட விடவில்லை. கிளம்பி வந்துவிட்டேன், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவளுடைய அடிமைகளே பார்த்துக்கொண்டார்கள். மதில் இல்லாத ஊர், எரிவதற்கு நேரம் ஆகவில்லை. ஊர் போனால் வெளியே இருக்கும் படைக்குச் சாப்பாடு கிடையாது. ஏதென்ஸ் வாசலிலேயே கரைந்துபோனது.

வீட்டுக்கு வந்தேன். கட்டில் காலி.

பிறகு சமையலறையில் சத்தம் கேட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தானாகவே இறங்கி, தானாகவே மாறி, கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி வந்திருக்கிறாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வீடு முழுக்க என்னைத் தேடியிருக்கிறாள். நான் கடையில் இருக்கும் நேரம் என்பதே மறந்துபோயிருக்கிறது.

"எல்லாம் போச்சுடி" என்றாள்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

ஏப்ரல் 25

கொக்குக்குச் செய்தி: "ஏன் சார்?"

பதில் போடவில்லை. அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லி என்ன, நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் இன்னொன்று: "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்? அப்படின்னா பரவாயில்ல, ஒரு வார்த்தை சொல்லுங்க."

போன குளிர்காலத்தில் பத்து நாள் காய்ச்சலோடு இவளைத் தூக்கி உட்கார வைத்தேன். ஒரு தடவை கேட்டாளா? கூட இருக்கிறவளைக் கேட்க மாட்டாள். ஊரை எரித்துவிட்டுப் போனவனைக் கேட்பாள், அதுவும் சார் போட்டு.

கொக்கின் கணக்கை அழித்துவிட்டேன். கொரிந்து மறுபடியும் காலி.

ஏப்ரல் 28

அக்கா என்னைத் திட்டவில்லை. மணியும் அடிக்கவில்லை. நாற்காலியில் அவளே மாறிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்கிறாள். பயிற்சிக்காரப் பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். இனிமேல் ஆள் துணை அவ்வளவாக வேண்டியதில்லை, காலையும் மாலையும் யாராவது எட்டிப் பார்த்தால் போதும் என்று எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பயந்திருந்தாள். அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாளை முதலாளிக்குச் சரி சொல்ல வேண்டும். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?

சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னை உட்காரச் சொன்னாள். டேப்லெட்டைத் தாங்கியிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தாள்.

"அடுத்த சீசன் ஆரம்பிக்குது. நீயும் ஒரு ஊரு எடுத்துக்கயேன். நான் சொல்லித் தரேன்."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நான் படையோட போறப்ப என் ஊரை நீ காவல் காக்கணும், அவ்வளவுதான். இனிமே வெளியாளுங்களை நம்புறதா இல்ல."

இப்படி ஒரு வார்த்தைக்காக, இவளாக என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பதற்காக, எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். கண் நிறைந்தது. அதை மறைக்கவில்லை.

அவள் அதைப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். கொரிந்து மட்டும் வேண்டாம், ராசியில்லாத ஊர், தீப்ஸ் எடுத்துக்கொள் என்றாள்.

ஏப்ரல் 30

முதலாளியிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். அக்காவை விட்டுவிட்டு வர மனசில்லை என்றேன். உன்னை மாதிரி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும் என்றார். கீழ் வீட்டு அம்மாவும் படியில் நிறுத்தி அதையே சொன்னார்கள்.

மே 18, ஞாயிறு

பெட்டியை மறுபடியும் மேலே ஏற்றியாயிற்று.

அக்கா இப்போதெல்லாம் அவளே எழுந்து, அவளே முகம் கழுவி, எனக்காகக் காத்திருக்கிறாள். கட்டிலில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைக்கிறாள். நான் தப்பான இடத்தை அழுத்துகிறேன். "எது அக்கா, இந்தச் சிவப்பா?" என்று கேட்கிறேன். மூன்று தடவை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். மற்றவர்களிடம், என் தங்கச்சி ரொம்ப வேகமாகக் கற்றுக்கொள்கிறாள் என்று பெருமைப்படுகிறாள். நேற்று எனக்கு முதல் வாய் அவளே ஊட்டினாள்.

என் காவல் படையை ஸ்பார்ட்டாவுக்குள் நிறுத்தியாயிற்று. சீசன் முடிய நிறைய நாள் இருக்கிறது. போன தடவை நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

அக்கா கூப்பிடுகிறாள். டீ அவளே போட்டாளாம், ஆறிவிடுமாம்.