கூடையை இறக்கி வைத்தவன்

என் அன்பு மாப்பிள்ளை சவரிமுத்து,

நீ எங்களை விட்டுப் போய் மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. என் தங்கை ரோசி நலமாக இருக்கிறாள். உங்கள் மூத்தவன் திருவொற்றியூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன்னைப் போலவே செருப்பை வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். கடந்த ஞாயிறன்று நான் எண்ணூருக்குப் போயிருந்தேன். அந்தக் கடற்கரை வீட்டுக்குத்தான்.

நாம் மூவரும் அங்கே போனது 1969 ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. ரோசி ஜூலை என்று சாதிக்கிறாள். தவறு. ஜூலையில் நான் அம்மை கண்டு படுத்திருந்தேன். பூசை முடிந்த கையோடு ரயிலேறி, எண்ணூரில் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியே நடந்தோம். உன் வெள்ளைச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கட்டடக் கலைஞர் ஒருவர் தமக்கென்று தாமே வரைந்து கட்டிய வீடு அது. கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி. "இத்த தொடைக்கவே ஒரு ஆளு வோணுமே மச்சான்" என்றாய். வெளியே மணலில், கல்லும் இரும்பும் வெண்கலமுமாகப் பதினோரு சிற்பங்கள். நான் எண்ணினேன்.

அவற்றில் ஒன்று உன்னுடையது என்றே நீ நினைத்தாய். வடக்கிலிருந்து கப்பலில் வந்த, முகமில்லாத இரும்பு உருவம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கலாசிகளின் மேஸ்திரியாக அதை இறக்கியவனும் நீ, ஏப்ரலில் லாரியோடு வந்து அந்த மணலில் நிறுத்தியவனும் நீ. ரோசிக்கு அதைக் காட்டத்தானே அன்று கூட்டி வந்தாய்?

அதைச் செய்த சிற்பியும் அன்று விருந்தினராக வந்திருந்தார். பார்த்ததும் திகைத்து நின்றார். அவர் செய்தது, தலையில் கூடை சுமக்கும் மீன்காரியை. நீ நிறுத்தியதிலோ எல்லாம் தலைகீழ்; கூடை மணலிலும் கால்கள் மேலேயும் இருந்தன. பீடத்தில் பதிப்பதற்காகப் பாதத்தில் வைத்திருந்த வளையத்தை, கிரேன் கொக்கி மாட்டும் வளையம் என்று நீ எடுத்துக்கொண்டாய். வளையம் மேலே, அகலமான பக்கம் கீழே. துறைமுகத்தில் வேறு எப்படிப் பாரத்தை வைப்பார்கள்?

கட்டடக் கலைஞர் விளக்கியதும் தலையைச் சொறிந்தாய். "தப்புதான் சார். ஆனா அது எம்மாம் நேரம் கூடைய தலமேலயே வச்சிகினு நிக்கும்? இப்ப எறக்கி வச்சிட்டு, குனிஞ்சிகினு கீது. பாருங்க."

"அய்ய, வாய மூடுய்யா" என்று ரோசி உன்னைக் கிள்ளினாள்.

நான் கூசிப்போனேன். முப்பது ஆண்டுகள் அலுவலக ஆங்கிலம் எழுதியவன் நான். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உன் 'கீது' எனக்கு அவமானமாக இருந்தது.

நீ சொன்னதைக் கட்டடக் கலைஞர் ஆங்கிலத்தில் சொல்ல, தமிழறியாத சிற்பி உரக்கச் சிரித்தார். உருவத்தை இருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சிலவற்றைச் சொல்லி, உன்னிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னா மச்சான் சொல்றாரு?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்லே, கிளம்பு" என்றேன்.

திரும்பும் ரயிலில் நீ ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் உனக்கு விளங்கியிருந்தது. பிறகு யாராவது அந்த வீட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாய். உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன, மாப்பிள்ளை. ஏன் சொல்லவில்லை?

கடந்த ஞாயிறன்று கட்டடக் கலைஞரின் மனைவி காப்பி கொடுத்தபடி தோட்டத்தைக் காட்டினார். "உங்க மாப்பிள்ளை வச்ச மாதிரியேதான் இருக்கு, பாருங்க. அன்னிக்கு சிற்பி சொன்னதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டாரா?"

காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

சிற்பி அன்று சொன்னதை, நான் கூசிய உன் பேச்சிலேயே இப்போது பெயர்த்துத் தருகிறேன்: "நான் அத்த சொமக்க வச்சேன். இந்த ஆளு எறக்கி வச்சிட்டாரு. அவுரு வச்சதுதான் கரீட்டு. அப்டியே வுட்டுடுங்கோ."

நாளை, திங்கட்கிழமை, உன் மூத்தவன் வேலைக்குப் புறப்படும் முன்பே ரோசியிடம் இதைச் சொல்வேன். அவள் ஏசட்டும். அடுத்த ஞாயிறு உன் பிள்ளைகள் எல்லோரையும் அங்கே அழைத்துப் போவேன். அந்த மனிதர் எதற்காகச் சிரித்தார் என்பதை ஒரு சொல்லும் விடாமல் அவர்களிடம் சொல்வேன். இது உறுதி.

உனக்குச் சேர வேண்டிய சொல்லை மறைத்து வைத்திருந்த,
ரோசியின் அண்ணன், உன் மச்சான்
அருளப்பன்