இல்லாத தாடிக்காரன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

என் அக்காள் மகள் கவிதாவின் கல்யாணம் இன்று நின்றுபோனது. நிறுத்திய மாவீரன் நான்தான்.

நிச்சயம் ஆனதிலிருந்து ஞாயிறுதோறும் அவளும் தினேஷும் முகப்பேரில் ஷட்டில் ஆடுவார்கள். தனியாக அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. தாய்மாமனாகிய நான் மெய்க்காவல் படைத்தளபதியாகக் கூடவே போவேன். இன்று ஆட்டம் முடிந்து ஜூஸ் கடையில் நின்றபோது என் நாக்கு நமநமத்தது.

"மாப்ளே, உங்களுக்கு முன்னாடி இவளைப் பாக்க நாப்பது பேரு வந்தானுங்க. அதுல ஒருத்தன் இன்னும் தாடி வச்சிகினு நம்ம நூம்பல் ஏரியாலயே சுத்திகினு கீறான்!"

தினேஷ் சிரிக்கவில்லை. "யாரு அது?" என்று அவளைக் கேட்டான்.

"ஐயோ, மாமா சும்மா அளக்குறாரு."

"ஒண்ணுமே இல்லாமலா சொல்வாரு? போனைக் குடு, பாக்கறேன்."

அப்படி ஒருத்தனே இல்லை என்று என் அம்மா மேல் சத்தியம் செய்தேன். வாழ்நாளில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் நான் பேசியது அப்போதுதான். அவன் நம்பவில்லை. நீட்டிய கையை மடக்கவுமில்லை.

கவிதா போனைக் கொடுத்தாள். அவன் ஓரமாக நின்று மெசேஜ், போட்டோ என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்காமல் திருப்பித் தந்தான். அவள் போனை வாங்கிக்கொண்டு, நிச்சய மோதிரத்தைக் கழற்றி அவனுடைய அதே கையில் வைத்தாள்.

அக்கா இன்னும் அழுகிறாள். கவிதாதான் எனக்குச் சோறு போட்டாள்.

"உன் மேல கோவம் இல்ல மாமா. ஏதாச்சும் பெருசா அளந்து உடு, சிரிக்கணும் போல கீது" என்றாள்.

வானத்தை வில்லாய் வளைக்கிற எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ரசம் ஊற்றினாள்.