ஒன்பதரை மணிக் கோலம்

அன்பு மகள் பிரகதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். சம்பா நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அதனால் அப்பாவுக்குக் கோபம் கொஞ்சம் குறைவு. இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால் அவர் போய்ச் சேரும்வரை நாம் வீடு கூட்டுவதில்லை. நீயோ மெல்போர்னில் விமானப் பணிப்பெண், தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறாய், நான் எப்போதுதான் கூட்டுவது? முதல் விமானத்துக்கு மட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். உனக்குப் பகல் பதினொன்று, எனக்குக் காலை ஐந்தரை. கத்தார் விமான நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த கூத்தாநல்லூர் தௌபீக்கிடம் கேட்டு, விமானம் நகர்வதைப் போனில் பார்க்கப் பழகிக்கொண்டேன். நீ அனுப்பிய படத்தில் விமானத்தின்மேல் பெரிதாக எழுதியிருந்த பேரைத்தான் போட்டேன். அந்த நேரத்துக்குக் கிளம்புகிற விமானம் ஒன்று போனில் தெரிந்தது, தினமும் ஒன்பதரைக்குத்தான் இறங்கியது. அதுவரை வாசல் கூட்டாமல் கோலம் போடாமல் உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு மதிவாணன் பெண்சாதி எனக்கு உடம்பு முடியவில்லையோ என்று ரசம் வைத்துக் கொடுத்தாள். வெயிலில் கோலம் போடுகிற வீடு ஊரிலேயே நம்முடையதுதான் என்று அப்பா தினமும் பாட்டு.

போன வாரம் தௌபீக் வந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு பேர் இருந்தது. “அக்கா, இது பெரிய கம்பெனியோட பிள்ளைக் கம்பெனி. பேரும் பெயின்ட்டும்தான் பெரியவங்களுது, ஓட்டுறது இவங்க. நம்ம பாப்பா போறது பக்கத்து ஊருக்கு, ஒரு மணி நேரத்துல எறங்கிடும்” என்றார். நீயும் முன்பே சொல்லியிருக்கிறாய், என் மண்டையில்தான் ஏறவில்லை. பட்டா நிலக்காரர் பேரில், சேற்றில் இறங்குவது நாம், நம் குத்தகை நிலம் மாதிரிதானே என்று அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

இத்தனை நாளும் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகத் துடைப்பத்தைத் தொடாமல் இருந்திருக்கிறேன். அவர்களும் நல்லபடியாக இறங்கட்டும், அதில் குறையில்லை. ஆனால் தினமும் நாலு மணி நேரம் உன்கூட இருந்ததாக நினைத்தேனே, அதில் நீ இல்லை என்றதும் தாங்கவில்லை. இப்போது தௌபீக் சரியான விமானத்தைப் போனில் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆறரைக்கே கூட்டிவிடுகிறேன். அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் போதவில்லை.

பொங்கலுக்கு லீவு கேட்டுச் சொல்கிறேன் என்றாய், இன்னும் சொல்லவில்லை. நீ ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது பிரகதி. நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய், படுக்கும்முன் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள். ராஜகோபாலசாமி உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயது நன்றாக இரு. லீவு கேட்க மறக்காதே. நீ வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் நான் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், விடியும் முன்பே வாசல் கூட்டிக் கோலம் போட்டுவிடுவேன்.

உன் அம்மா,
கோ. வள்ளியம்மை