‘இல்லை’ என்று சொல்லாத அலெக்சாந்திரியா வியாபாரி

21 ஜூலை 2025, திங்கள்

ஆடி ஐந்து. முகூர்த்தம் இல்லாத மாதம். பட்டுக்கடைக்குள் வரும் ஈகூட விலை கேட்காமல் போகிறது. முப்பத்தொரு வருடமாக இதே கடையில் நின்று, பாதித் தமிழ்நாட்டுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்த மாணிக்கவேல் ஆகிய நான், வேறு வழியின்றி இன்று மதியம் எகிப்துக்குப் புறப்பட்டேன்.

அனுப்பி வைத்தது அக்கா மகள் பானுப்ரியா. கண்ணை அடைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டினாள். அவ்வளவுதான், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அலெக்சாந்திரியாத் துறைமுகம்! கப்பலிலிருந்து நம் பக்கத்து மிளகு இறங்குகிறது. எதிரே ரோமாபுரிச் சிப்பாய் ஒருவன் வந்தான். தள்ளி நில்லப்பா என்று கையை வீசினேன். அக்காவின் டம்ளர் ஸ்டாண்ட் சரிந்தது.

“டேய் மாணிக்கம், உலகத்த ஜெயிச்சது போதும், டம்ளர பொறுக்கு” என்றாள் தேவகி அக்கா. பெட்டியைக் கழற்றாமலே பொறுக்கினேன். இரண்டு டம்ளர் இன்னும் எகிப்தில் இருக்கிறது.

22 ஜூலை

விவரம் தெரிந்தது. சென்னை வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக பானுவும் அவள் சிநேகிதன் ஹேமநாத்தும் கம்ப்யூட்டரில் கட்டியது இந்த ஊர். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஓர் அருங்காட்சியகக் குழு பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்தால் அங்கே வைப்பார்கள், பிள்ளைகள் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். பிடிக்காவிட்டால் செப்டம்பர் ஒன்று, பெங்களூரில் ஏதோ கம்பெனி வேலை. அந்த வேலைக்கான ஆர்டர்த் தாளை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பானு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அந்தத் தெருவில் ஒரு துணி வியாபாரி நிற்கிறான். செயற்கை நுண்ணறிவு.

“எழுதி வச்ச வசனம் இல்ல மாமா. பசங்க இன்னா கேட்டாலும் அவனே பதில் சொல்லுவான். ஆனா ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி பேசறான். உன் வாய் வேணும் அவனுக்கு.”

அடடா! என் வாய்க்கு ஊரில் இல்லாத மரியாதை எகிப்தில்!

இருநூறு கேள்வி. அந்தக் குழுவில் இருக்கும் பேராசிரியர் சூர்யகலா எழுதிக் கொடுத்த குறிப்பைப் பார்த்து, கடையில் பேசுவதுபோல் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவன் கற்றுக்கொள்வான். ஒரே நிபந்தனை: “குறிப்புல இல்லாதத கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும் மாமா. அதான் முக்கியம்.”

30 ஜூலை

பானு இரண்டு நாள் சென்னைக்குப் போயிருக்கிறாள். இருநூறும் முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பது இடத்தில் ‘தெரியாது’.

மனசு கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று: “கடையில நின்னுகினு ‘இல்ல’ன்னு மட்டும் சொல்லாத.” கேட்ட கலர் இல்லையா? “நாளைக்கு வருது” என்று சொல்லி வேறொன்றை விரி. முப்பத்தொரு வருடத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழுந்ததில்லை. ‘தெரியாது’ அதன் உடன்பிறப்பு அல்லவா? நாற்பது தடவை கைவிரிப்பவனிடம் யார் துணி எடுப்பார்கள்?

நாற்பதையும் அழித்துவிட்டு மறுபடி பேசினேன். ஒவ்வொன்றும் முத்து! பானு வந்து பார்த்தால் அசந்துபோவாள். சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

போச்சு.

குழுவோடு வந்த பேராசிரியர் பெட்டியை மாட்டிக்கொண்டு, ஒரு நீலத் துணியைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று வியாபாரியிடம் கேட்டார். குறிப்பில் இல்லாத துணி. அவன் என் குரலில், என் இழுப்பில், “இது இன்னா துணி தெரியுமாம்மா? கிளியோபாட்ரா முகூர்த்தத்துக்கு எடுத்தது. சேவூர்ல ஏழு தறி, ஏழு மாசம். பட்டு வச்சிகினு போன யானை இன்னும் திரும்பல” என்றான்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றினார். “அந்தக் காலத்துல பட்டு சீனாலேர்ந்து போச்சும்மா. பசங்க இத நெஜம்னு எழுதிக்கும். இதை எப்படி வைக்கிறது?”

கிளம்பிவிட்டார்கள். டீ ஆறிப்போய் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய ஒரே நாள் அது.

6 ஆகஸ்ட்

பானு சாப்பிடவில்லை. ஹேமநாத்திடம் போனில், “என் தப்பு தான்டா, நான்தான் சரியா பாக்கல.”

7 ஆகஸ்ட்

பெங்களூருக்குச் சம்மதம் என்று எழுதப் போகிறாளாம். நாளைக்கு.

நான் என்ன மனுஷன்?

8 ஆகஸ்ட்

காலையிலேயே பானுவிடம் சொல்லிவிட்டேன். நாற்பதையும் மாற்றியது நான் என்று. வழக்கமான அலங்காரம் எதுவும் வரவில்லை.

போனைக் கீழே வைத்தாள். பிறகு, “ஏன் செஞ்சீங்க?”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிடும் பெண். நூறு செருப்படி வாங்கியிருக்கலாம் அதற்கு.

அக்கா என் தட்டில் இட்லி வைத்தாள். சட்னி வைக்கவில்லை.

9 ஆகஸ்ட்

பானுவிடம் நம்பர் கேட்டு வாங்கி, பேராசிரியருக்கு நானே போன் செய்தேன். “அந்த யானைய அனுப்பினது நான்தாங்க. பாப்பா மேல தப்பு இல்ல. தெரியாதுன்னு சொல்லத்தான் அவ சொன்னா.”

அந்தப் பக்கத்திலிருந்து: “பொய் சொன்னவரே போன் பண்றது எனக்கு இதுதான் முதல் தடவை.” இருபத்தெட்டாம் தேதி வேலூருக்கு வருகிறாராம். திரும்பும்போது ஒரு தடவை பார்ப்பாராம். வாக்குறுதி எதுவும் இல்லை.

பானு பெங்களூருக்கு இன்னும் எழுதவில்லை.

14 ஆகஸ்ட்

மைக் முன்னால் மறுபடி நாற்பது ‘தெரியாது’. இமயமலையை இடுப்பில் கட்டி இழுத்தவனுக்கும் இவ்வளவு வேர்த்திருக்காது.

“வேற கலர் உள்ள கீதுன்னு சொல்ற மாதிரியே இருக்குது மாமா. மறுபடி.”

மறுபடி. மறுபடி. நான் தெரியாது என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முப்பத்தொன்றாவது கேள்வி: ‘இந்தத் துணியை நெய்தவர் யார்?’ மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று கடையின் நினைவு வந்தது. என் கையால் எத்தனை ஆயிரம் புடவை விரித்திருப்பேன்! நூல், ஜரிகை, கரை, எல்லாவற்றையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். நெய்த ஒருவர் பெயராவது சொல்ல முடியுமா? எங்கள் புடவை நெய்யும் சேவூர் என்ன அலெக்சாந்திரியாவிலா இருக்கிறது? டவுன் பஸ் போகிறது.

“தெரியாதும்மா” என்றேன். “துணி மட்டுந்தான் என் கைக்கு வந்துது.”

பானு மறுபடி என்று சொல்லவில்லை. மீதி ஒன்பதும் ஒரே தடவையில் முடிந்தது.

28 ஆகஸ்ட், வியாழன்

பேராசிரியர் வந்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டேன். என் குரல் மட்டும் கூடத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. மிளகைப் பற்றிக் கேட்டார், சொன்னான். கப்பல் எத்தனை நாள் வரும் என்றார், சொன்னான். பிறகு அதே நீலத் துணி. எங்கிருந்து வந்தது? தெரியாது. நெய்தது யார்?

“தெரியாதும்மா. துணி மட்டுந்தான் என் கைக்கு வந்துது.”

அவர் பெட்டியைக் கழற்ற நேரமாயிற்று. கழற்றியபின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இத பசங்க கேக்கட்டும்” என்றார்.

அக்கா எனக்கு முதலில் காபி கொடுத்தாள். பிறகுதான் விருந்தாளிக்கு.

1 செப்டம்பர், திங்கள்

ஆவணிக் கூட்டம். வெம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை கேட்டது. “இல்லைங்க” என்றேன். பக்கத்தில் நின்ற சக விற்பனையாளன் ராமதாஸ் கையிலிருந்த புடவை நழுவியது. அவர்கள் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். சரி, போகட்டும்.

அடுத்து வந்த அம்மா அரக்குப் புடவை எடுத்தார். மடித்துக் கொடுக்கும்போது, “சேவூர்ல பாஞ்சாலைன்றவங்க நெய்ஞ்சதுங்க இது” என்றேன். நேற்று பஸ் ஏறிப்போய்க் கேட்டு வந்த பெயர்.

“உன்ன யார்னா கேட்டாங்களா?” என்றான் ராமதாஸ்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். “மாமா, நீ வந்தது நல்லதாப் போச்சு, இதப் புடி” என்று பானு பெட்டியை நீட்டினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது.