மூச்சு வாங்கும் இடம்

மச்சான்,

பஜனையில் உன்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னது தவறு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். காலையில் மேசை இழுப்பறையில் உன் நீல இன்ஹேலர் கையில் பட்டதும் அந்தக் கோபம் மறுபடி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"ஊலே, மைக்ல இருமல் கேக்குது. சும்மா வாய அசைங்க, போதும்" என்றார் பஜனைத் தலைவர். பர்மிய மொழியில் மாமா, ஊலே என்று மரியாதையாகக் கூப்பிட்டே உன் முப்பது வருஷக் குரலைப் பிடுங்கிக்கொண்டார். நீ தலையாட்டினாய். நான் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு உன்னை வெளியே இழுத்து வந்தேன்.

உன் ஆஸ்துமாவுக்காக, தீராத நோயோடு வாழ்வது பற்றிய ஆவணப்படம் ஒன்றை லான்மடாவ் பேட்டையில் படம் ஏற்றித் தரும் கடையில் கேட்டேன். மெமரி ஸ்டிக்கில் இடம் மிச்சமிருக்கிறது என்று கடைக்காரர் எஸ்தோனியா நாட்டுக் கூட்டுப்பாடல் படத்தையும் ஏற்றிக் கொடுத்தார். கியாக்டடா பேட்டையில் உன் நாலாவது மாடி வீட்டில், கீழே பஸ் ஹாரன் அலற, இரண்டையும் பார்த்தோம். நோய்ப் படத்தில் டாக்டர்கள் பேசப் பேச நீ குறட்டை விட்டாய். பாட்டுப் படத்தில் எழுந்து உட்கார்ந்தாய். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் பாடினார்கள். பாட்டு அறுபடவே இல்லை. அகராதி வைத்து நானே கற்ற ஆங்கிலத்தில், அடியில் ஓடிய எழுத்தை உனக்குப் படித்துச் சொன்னேன்: பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்காதீர்கள்.

"அடேய் மச்சான், அத்தனை பேரும் மூச்சு வாங்குறான்டா! முறை வச்சு வாங்குறான்!" என்றாய்.

அதன்பின் மாலைதோறும் உன் வீட்டிலேயே பாடினோம். நீ விட்ட இடத்தில் நான் பிடித்தேன். "ரொம்ப இழுக்காத, நான் வந்துட்டேன்" என்று இன்ஹேலரை வைத்துவிட்டு வரியின் நடுவில் நுழைவாய். இரண்டு வருஷம், குறை ஒன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். இப்போது தலைவர் என்னைப் பஜனைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார். வருகிறேன் என்று சொல்லி, அதற்கு என்னென்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குச் செய்தது தவறு என்று தலைவர் அதே மைக்கில் சொல்ல வேண்டும். இருமுகிறவர்களைக் கமிட்டி முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். உன் வரிகளை நான் பாட வேண்டும். எனக்கும் இப்போது இளைக்கிறது, மச்சான். நான் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொள்ள, தலைவர் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.