தீக்கோழிகளோடு ஒரு சண்டை

தெற்குக் கோட்டை, பாம்பா சமவெளி
மே, 1871

என் அன்பு மனைவிக்கு,

நாற்பதாண்டுப் பட்டாள வாழ்க்கையில் நான் தோற்ற சண்டையே இல்லை என்று ஊரெல்லாம் சொல்வாயே, அதை இனியும் தாராளமாகச் சொல்லலாம். போன வியாழன், நல்ல வெயிலில், தெற்கே புழுதி பறந்தது. கலகக்காரர்களின் குதிரைகள் என்று கண்டு கொம்பு ஊதச் சொன்னேன். சார்ஜெண்ட் பைகோரியா மட்டும் பக்கத்தில் வந்து, "கர்னல் ஐயா, இன்னொரு வாட்டி பாத்துக்குங்க" என்றான். நான் வாளை உருவினேன். அறுபது பேரும் மறுபேச்சில்லாமல் என் பின்னால் பாய்ந்தார்கள்.

அவை தீக்கோழிகள்.

ஒருவனும் சிரிக்கவில்லை. பைகோரியா கல் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றி வீசி ஏழு கோழிகளின் கால்களை மடக்கினான். மதியம் இறைச்சியைச் சுட்டுத் தின்னும்போது, "எதிரி நல்ல ருசிங்க ஐயா. ஞாயித்துக்கிழமையும் சண்டைக்குப் போவோமா?" என்றான். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவன் மாத்தே இலைப் பானம் நிரப்பிய குடுவையை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டுப் போனான்.

ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால், மேசை ஆடுகிறது என்று வைத்துக்கொள். உன் போன கடிதம் பத்திரமாக இருக்கிறது. வந்ததும் நீயே வாசித்துக் காட்டு.

குதிரைக்கு நம் வீட்டுக்கு வழி தெரியும். உன் தொப்பியில் செருக நல்ல இறகுகள் கொண்டுவருகிறேன். வாசலில் உன் தங்கைகளும் நிற்பார்கள். நான் இறங்கும்போது நீ முதலில் பேசிவிடு. எதற்காவது திட்டினாலும் போதும், நேராக உன்னிடம் வந்துவிடுவேன்.

உன் கர்னல்